நடை வேகத்தில் கேட்கும் சத்தம்

குடவாசல் சாலையில் பாதி அகலத்தை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். மிதிக்காமல் போகக் காரை நடை வேகத்துக்குக் குறைத்தேன். அடியிலிருந்து கிடுகிடுவென்று ஒரு சத்தம். வேகம் பிடித்தால் இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"உள்ள உக்காந்தா பிடிபடல சார். ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பக்கத்துலயே நடந்து கேக்கணும். இன்னிக்கு ஆள் இல்ல. வீட்ல யாரையாவது கூட நடந்து வரச் சொல்லிப் பாருங்களேன்."

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முன்பெல்லாம், கல்யாணமான நாளிலிருந்து, அப்படிக் கூட நடந்து வந்தது நீதான். குவைத் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை; மாதா திருவிழாவை ஒட்டி வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அந்தப் பழைய வெள்ளைக் காரை வாய்க்கால் கரையில் நான் ஊர்ந்து ஓட்ட, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, காதைச் சாய்த்தபடி சக்கரத்தோடு சக்கரமாக வருவாய்.

"நிறுத்துங்க. எஞ்சின அணைக்காதீங்க. இப்பவும் கேக்குதா? அப்ப சைலன்சர். உருண்டாத்தான் கேக்குதுன்னா சக்கரம்."

நடவு வயலிலிருந்து ஒரு குரல் வரும். "ஏன் சார், நர்ஸம்மாவ வண்டில ஏத்த மாட்டீங்களா?"

"எறங்கி நடன்னுட்டாரு!" என்று நீயும் கத்துவாய்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். நாடு கதவைத் திறந்துவிட்ட வருஷங்கள். வெளிநாடு போனவர்களால் நாட்டுக்கு என்னென்ன நன்மை என்று கரும்பலகை நிறைய எழுதிப் போட்டுவிட்டு, பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து உள்ளே போவேன். உனக்கு விசா வாங்கித் தந்த உன் அண்ணனோடு இன்றுவரை பேச்சில்லை. ஆனால் உன்னிடம் 'போகாதே' என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. கெஞ்சுவதா என்கிற வீம்பு. அதற்குப் பதில் சத்தங்களைச் சேர்த்துவைத்தேன். பங்குனியில் கேட்ட சத்தத்தை ஆவணியில் நீ வரும்வரை பட்டறைக்குக் காட்ட மாட்டேன்.

கடைசி லீவில் எந்தச் சத்தமும் வாய்க்கவில்லை. நீ கிளம்ப நாலு நாள் இருக்கையில், சைலன்சரைப் பிடித்திருக்கும் பட்டையின் போல்ட்டை நானே தளர்த்திவிட்டேன். கரையில் நூறடிகூட நீ நடக்கவில்லை. குனிந்து பார்த்தாய். துருவேறிய போல்ட்டில் ஸ்பேனர் கீறிய இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாய். ஸ்பேனரைக் கேட்டு வாங்கி முடுக்கினாய்.

"அடுத்த லீவுக்கு வேற ஏதாவது யோசிச்சு வைங்க."

நீ சிரிக்கவில்லை. நாலாம் நாள் விமானம் ஏறினாய்.

அடுத்த லீவு வரவில்லை. வார்டிலேயே மயங்கி விழுந்தாய் என்றார்கள். திருச்சி விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டு உன்னைப் பெட்டியில் வாங்கிக்கொண்டேன்.

நான் என்ன கேட்கிறேன் என்பது போல்ட்டைப் பார்த்த அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் போனாய். இந்தக் கோபத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. வாய் திறந்து சொல்லியிருந்தால் நின்றிருப்பாயோ என்று தோன்றும் நாட்களில் வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பாய் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டால்தான் சோறு இறங்குகிறது.