யாருக்காச்சும் போன் வரணுமா?

தசராவுக்கு முன்னால் கடைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறார். போனுக்கு மேலே சுவரில் இருக்கும் சின்ன மரப்பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க? ஒயர்கூட இல்லையே. கழட்டிடவா?" என்றார். இரண்டு பக்கமும் தள்ளும் சுவிட்ச். ஒரு பக்கம் பச்சைப் பெயிண்ட்டில் போன் படம், மறுபக்கம் சிவப்பில் பூமி உருண்டை. இரண்டையும் வரைந்தது நீதான். உருண்டை தக்காளி மாதிரி இருக்கும்.

"வேண்டாம். அதைச் சுத்தி அடிங்க" என்றேன். அவர் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உனக்கு இதை எழுதுவதில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. உனக்குத் தமிழ் படிக்க வராது. இந்த ஊர் மண்டி மொஹல்லாப் பகுதியில் பிறந்து கன்னடத்தில் படித்தவன் நீ. வீட்டில் பேசிய தமிழ் காதோடு நின்றுவிட்டது. நான் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து, மார்க்கெட் வாசலில் சாக்கு விரித்து டார்ச் பேட்டரி விற்று, பிறகு தேவராஜ மொஹல்லாவில் இந்தக் கடையைப் பிடித்தவன். எனக்கு விற்கத் தெரியும், பிரித்துப் பூட்டத் தெரியாது. உனக்குப் பிரிக்கத் தெரியும், வந்த வாடிக்கையாளரைத் திட்டாமல் அனுப்பத் தெரியாது. அதனால் கூட்டு சரியாக இருந்தது.

டேப் ரெக்கார்டர், டிவியில் மாட்டும் விளையாட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டருக்கு வந்தோம். எந்தச் சரக்கு வந்தாலும் நமக்குள் சண்டைதான். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியில் ஆயிரம் வாட்ஸ் என்று போட்டிருக்கும். "நெஜமா ஆயிரம் வாட்ஸ்னா இதை ஆன் பண்ணா மொஹல்லாக்கே கரெண்ட் போயிரும் எஜமான்ரே. சும்னே எழுதிடறதா?" என்பாய். கோபமோ அவசரமோ வந்தால்தான் எனக்கு அந்த எஜமான் பட்டம்.

"வாங்கறவரு வாட்ஸ் கேக்கறாரு, வாட்ஸ் குடுக்கறேன். சத்தம் கேட்டா சத்தம் குடுப்பேன்" என்று நானும் விடமாட்டேன்.

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதை வைத்திருந்த விதத்தைப் பார்த்து நீ தலையில் அடித்துக்கொள்வாய். தனி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், திரைக்குப் பூப்போட்ட உறை. "சாமி ரூமுக்குக்கூட இவ்ளோ மடி கிடையாது" என்றாய். எனக்கு அதில் வருத்தமே இல்லை. உறை போட்டு மூடிய பெட்டி கெட்டுப்போவதில்லை, ரிப்பேருக்குத் திரும்பி வருவதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இஞ்சினியரிங் மாணவர்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து, எவன் மெஷினில் எவ்வளவு மெமரி என்று வாதாடுவார்கள். நிலம் வைத்திருப்பவர்கள் ஏக்கர் கணக்குச் சொல்வது போலத்தான் எனக்குப் பட்டது. நிலம் உள்ளவர்களாவது எப்போதாவது விதைப்பார்கள். உன் பிள்ளைகள் மெஷினை இன்னும் வேகமாக்கிவிட்டு, வேகமாகிவிட்டதா என்று சோதித்துப் பார்ப்பதோடு சரி.

பிறகு இன்டர்நெட் வந்தது. முதலில் நீ கூப்பிட்டுக் காட்டியது கடல் தாண்டி யாரோ போட்டிருந்த ஒரு தமிழ்ப் பக்கம். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக, கொசு செத்துக் கிடப்பது போல் எழுத்துகள். எங்கிருந்தோ எழுத்துருவைத் தேடி இறக்கிப் போட்டாய், தமிழ் வந்தது. வந்ததும் உனக்குப் படிக்கத் தெரியவில்லை! "சீக்கிரம் படிங்க எஜமான்ரே, என்ன சொல்றாங்க?" என்றாய். படித்தேன். வத்தக்குழம்பு வைக்கும் முறை. இதற்கா இத்தனை கம்பி என்று கேட்டேன். "அங்க ஒருத்தன் வத்தக்குழம்பு இல்லாம கஷ்டப்படறான், அது இங்க தெரியுது பாருங்க" என்றாய். அதை எப்படி விற்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. "விக்கும் பாருங்க" என்றாய் நீ.

அதைவிடப் பெரிய சிக்கல் போன்தான். இருந்தது ஒரே லைன். விண்ணப்பித்து வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. வந்த பிறகு அது நம் போனாக இல்லை, தெருவின் போனாகிவிட்டது. பூ விற்கும் மாதம்மா அக்கா, எதிர்ச் சாரி வெற்றிலைக்காரர், தையற்காரர் எல்லோரும் சொந்தக்காரர்களுக்கு நம் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட நம் நம்பரை அச்சடித்துப் பக்கத்தில் பிபி, அதாவது அடுத்தவர் போன், என்று போட்டிருந்தார்கள். நானும் தடுக்கவில்லை. போனுக்கு வருகிறவர் பேட்டரியோ பல்போ வாங்காமல் போவதில்லை. நெட்டும் அதே லைனில்தான். நீ நெட்டுக்குள் போனால் அத்தனை பேருக்கும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். "ஒண்ணு போன், இல்லேன்னா உன் பெட்டி" என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

அந்தக் காலை உனக்கு மறந்திருக்காது. மாதம்மா அக்கா பூக்கூடையை இறக்கியதும் நேராகக் கடைக்குள் வந்தாள். மகள் கொள்ளேகாலில் புகுந்த வீட்டில் இருந்தாள், நிறைமாதம். முதல் பிள்ளை தங்கவில்லை, இது இரண்டாவது. "இன்னைக்கோ நாளைக்கோங்கறாங்க தம்பி. மருமவன் போனு பண்ணுவாருங். வந்தா ஒரு கொரல் குடுங்க சாமி" என்றாள். நம் இருவரிடமும்தான் சொன்னாள். "ஆகட்டும்க்கா" என்றது நீதான். நான் சரக்குப் பார்க்க மண்டி மொஹல்லாவுக்குப் போய்விட்டேன்.

உச்சி வெயிலில் திரும்பி வந்தால், நீ திரைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாய். கம்ப்யூட்டரிலேயே பாட்டுப் போடும் ஏதோ ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தாய். நீலக்கோடு ஒன்று எறும்பு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

"லைன் எங்கடா?"

"தொண்ணூறு தாண்டிடுச்சு எஜமான்ரே. இப்ப கட் பண்ணா மறுபடி மொதல்லருந்து. இன்னும் கொஞ்சம்தான்."

"மாதம்மா அக்கா போனுக்கு உக்காந்திருக்குடா."

நீ என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தாய். அக்கா பூத் தொடுத்துக்கொண்டே நம் கடைப் பக்கம் காதை வைத்திருந்தாள். ஒயரைச் சுவரிலிருந்து நீயே பிடுங்கினாய். போனில் செருகிய உன் கை விலகுவதற்குள் மணி அடித்தது. நான் எடுத்தேன்.

"காத்தாலருந்து அடிக்கறனுங்க, எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வருதுங்க!" மருமகன் பூத்தில் நின்று கத்தினான். "ஆப்பரேசன் பண்ணோணுங்கறாங்க. அம்மா வந்தாத்தான் உள்ள போவன்னு இவ கட்டிலப் புடிச்சுட்டு அழுவறாங்க. அத்தைய உடனே வரச் சொல்லுங்க!"

அக்காவுக்கு நான் சொல்லி முடிக்கும் முன்பே நீ ஸ்கூட்டரை உதைத்துவிட்டாய். "ஏறுக்கா" என்றாய். அவள் மடியிலிருந்த மல்லிகை தெருவில் கொட்டியது. அப்படியே ஏறிவிட்டாள்.

அன்று பிற்பகல் முழுக்க அவள் பூவை நான் விற்றேன். இந்த ஊரில் கை இரண்டையும் விரித்து மாரு கணக்கில் அளப்பது உனக்குத் தெரியும். என் கை நீளம். வாங்கிய பெண்கள் எல்லோரும் சந்தோஷமாகப் போனார்கள். வெற்றிலைக்காரர் எதிரிலிருந்து, "உங்க கையில அளந்தா அக்கா கட போண்டிதான்!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முறை கையை விரிக்கும்போதும் காது போனில்தான் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மணி அடித்தது.

"எஜமான்ரே, பொண்ணு."

"தாய்?"

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. அக்கா போய்த் தலையில கைய வச்சதும் மக கட்டில விட்டுட்டா. நல்லவேளை, இதுக்கு மேல தாங்காதுன்னாங்களாம் டாக்டரம்மா." பிறகு, "லைன் ஒடனே கெடச்சுது" என்றாய்.

அவளிடம் நீ மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அவளும் குறையாகப் பேசவில்லை. ஊரிலிருந்து திரும்பியதும், "என்ன சாமி, உம் பெட்டி பேசி முடிச்சிருச்சா? இனி மனுசங்க பேசலாமுங்களா?" என்று கேட்டதோடு சரி. தெருவே சிரித்தது. நீ உள்ளே போய்ப் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து இந்தச் சுவிட்சைச் செய்தாய்.

சுவிட்ச் பெரிய விஷயமில்லை. அதைத் தள்ளும் முன் நீ செய்ததுதான் விஷயம். கடைப் படியில் நின்று, "யாருக்காச்சும் போன் வரணுமா?" என்று தெருவைப் பார்த்துக் கத்துவாய். அடுத்து கன்னடத்தில். அதற்கும் அடுத்து உன் உடைந்த உருதுவில். யாராவது கை தூக்கினால் அன்றைக்கு நெட் கிடையாது. வெற்றிலைக்காரர் உன்னைச் சீண்டுவதற்கென்றே, "எனக்கு மாமியார் வீட்லருந்து வரணும்" என்பார். பொய் என்று உனக்கும் தெரியும். ஆனாலும் சுவிட்ச் பச்சையிலேயே இருக்கும்.

அந்த வருஷ மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை என்று படுத்தாய். படுத்தவன் எழவே இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நீ இறக்கிய அந்தப் பாட்டுச் சாமான் அரைகுறையாகவே மெஷினில் கிடந்தது. இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டேன்.

இப்போது இரண்டு லைன் இருக்கிறது. நெட் பார்க்கவென்று பலகைத் தடுப்பு அடித்து வரிசையாகக் கம்ப்யூட்டர் போட்டிருக்கிறேன். நீ சொன்னது சரி, விற்கிறது. அடுத்த வருஷம் இரண்டாயிரம் பிறந்ததும் மெஷின் எல்லாம் குழம்பிப்போகும் என்று பேப்பரில் தினமும் பயமுறுத்துகிறார்கள். நான் 'இரண்டாயிரத்துக்குத் தயார்' என்று ஸ்டிக்கர் அடித்து எல்லாப் பெட்டியிலும் ஒட்டிவிட்டேன். நீ பார்த்திருந்தால் நிச்சயம் எஜமான்ரே என்றிருப்பாய்.

தெருவின் போன் தனி, நெட்டின் லைன் தனி. ஒன்று இன்னொன்றைத் தடுக்காது. இருந்தும் காலையில் முதல்முறை நெட்டுக்குப் போகும் முன் படியில் நின்று உன் கேள்வியையே கத்துகிறேன். நெட் கடைக்கு விளம்பரம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். விளம்பரமாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு நஷ்டமில்லை. என் உருது உன்னுடையதைவிட மோசம்.

இன்று வெள்ளையடிப்பவர் ஏணியில் நின்றபடி வேடிக்கை பார்த்தார். நான் கத்தி முடித்ததும் பூக்கூடைப் பக்கமிருந்து மாதம்மா அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஆருக்கும் இல்லீங் தம்பி, போட்டுக்குங்க."

தனி லைன் வந்தது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அவள் சொல்லும்வரை நான் டயல் செய்வதில்லை.