ஆடிக்கு முன் ஒரு தம்ளர் பால்

பதிவு 1
குடியேற்ற நாள் 402, காலை 08:10. பழைய குகை.

எழுதுபவர் உலகம்மாள், குடிமாற்றப் பொறுப்பாளர், செவ்வாய் தெற்குக் குடியிருப்பு. பின்னால் இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம்.

குகைக் கூரையில் விரிசல். காற்று கசிகிறது. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் புது வளாகம் தயார். ஆறு குடும்பங்கள், பதினைந்து பேர். நாளைக் காலைக் குடிமாற்றம்.

'பதறாமல் வீடு மாறுவது எப்படி' என்று நான் எழுதிய ஒரு பக்கக் குறிப்பை எல்லாக் கதவுகளிலும் ஒட்டியாகிவிட்டது. ஒரு நேரத்தில் ஓர் அறைச் சாமானை மட்டும் கட்டுங்கள். பெட்டியின் மேலே எழுதாதீர்கள், பக்கவாட்டில் எழுதுங்கள். அடுக்கிய பிறகு மேல்பக்கம் யார் கண்ணுக்குத் தெரியும்? முதல் ராத்திரிக்கு வேண்டியதைத் தனிப் பையில் வையுங்கள். களைத்துப்போனால் உட்காருங்கள், சண்டை போடாதீர்கள்.

ஐந்து குடும்பங்கள் சொன்னபடி செய்துவிட்டன. ஆறாவது என் குடும்பம். காற்று இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்தான் என் கணவர் கொம்பையா. ஸ்பானரையும் தோசைக்கல்லையும் ஒரே பெட்டியில் போட்டு, பக்கவாட்டில் 'சாமான்' என்று எழுதியிருக்கிறார். ஊருக்கு உபதேசம் செய்கிறவள் வீட்டு லட்சணம் இது.

பதிவு 2
நாள் 402, 11:30.

ஊர்க் காலண்டர்படி இன்று ஆனி கடைசி. விடிந்தால் ஆடி. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புது வீடு புகமாட்டார்கள். தவிர்க்க முடியாதவர்கள் ஆனியிலேயே போய்ப் பால் காய்ச்சிவிட்டு வருவார்கள். அதோடு குடி புகுந்த கணக்கு. பிறகு ஆடியில் சாமானை ஏற்றினால் தோஷமில்லை. கீரைத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளத்தாய்க்கு இந்தக் குறுக்குவழி ஞாபகம் வந்துவிட்டது. பொது ரேடியோவில் எல்லாரும் கேட்கக் கேட்டாள்.

"அக்கா, சாயங்காலம் நீங்க அங்க போறப்ப நானும் வண்டியில வாரேன். ஒரு தம்ளர் பால் பொங்குனதும் அடுப்ப அணைச்சிட்டு வந்துருவேன். எல்லா வீட்டுக்கும் சேத்து ஒண்ணு காய்ச்சுனா போதும்க்கா."

நான் சொன்ன பதில் இது. "செவ்வாய்க்கே குடி வந்தாச்சு, இன்னும் ஆடி பாக்கியா வெள்ளத்தாயி? அங்க ஆவி பட்டாலே அலாரம் அடிக்கும். முடியாது."

ரேடியோவில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பதிவு 3
நாள் 402, 17:40. புது வளாகம்.

கடைசிப் பார்வை. தனியாக வந்தேன். கதவுகள் சரி. தண்ணீர் சரி. விசிறிகளையும் காற்று உணரியையும் என் கணவர் மதியமே சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சரி.

பதிவில் எதையும் மறைக்கக் கூடாது என்று விதி எழுதியதும் நான்தான். அதனால் எழுதுகிறேன். நான் பால் காய்ச்சினேன்.

குகைக்குக் குடி வந்தபோது யாரும் காய்ச்சவில்லை. ஒரு வருடத்தில் கூரை பிளந்தது. அதையும் இதையும் முடிச்சுப் போட்டவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். உள்ளுக்குள் பயந்தவளும் நான்தான். பால் பவுடர், சின்னப் பாத்திரம், மின் அடுப்பு. ஆவி பட்டு அலாரம் அடித்தால் குகையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வளாகத்துக்கே ஒரே உணரிதான்; அது என் வீட்டு வாசலுக்கு நேரே, கூரையில் கம்பி ஜாலிக்கு உள்ளே இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, ஜாலியைக் கழற்றி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். காற்று நுழையாதபடி கச்சிதமாக.

இங்கே ஈர்ப்பு குறைவு. நுரை நிதானமாக, ஒரு முழம் உயரத்துக்கு எழுந்து கிழக்குப் பக்கம் வழிந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த நிமிஷமே வெள்ளத்தாய் முகம் நினைவுக்கு வந்து கூசிப்போனேன்.

ஆவி அடங்கும்வரை பை இருக்கட்டும், யாராவது வந்தால் கண்ணில் படக் கூடாது என்று ஜாலியை அதன் மேல் திருகி வைத்தேன். அடுப்பைத் துடைக்கும்போது ரேடியோவில் அவர். "ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச? ஒட்டுற டேப்ப எங்க வச்ச?" கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி துள்ளிவிட்டேன். பாத்திரத்தைப் பையில் திணித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன்.

பதிவு 4
நாள் 403, 13:15. பழைய குகை.

குடிமாற்றம் முடிந்தது. ஒரு தட்டுகூட உடையவில்லை, ஒரு சண்டைகூட இல்லை. பதினான்கு பேரையும் அவர் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். கடைசியாக வெளியேறுபவர் பொறுப்பாளர் என்பது முறை. நாளைக் காலை மிச்சச் சாமானோடு என்னை அழைத்துப்போக வண்டி வரும். குகை முழுக்க என் காலடிச் சத்தம் மட்டும். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

பதிவு 5
நாள் 403, 16:20.

அவர் அழைத்தார். "மேடம், உங்க திட்டம் பிரமாதம். ஆனா பெட்டிய பிரிக்கத்தான் ஆளில்ல. எல்லாம் சுருண்டு கெடக்கு. எனக்கே தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கி."

வீடு மாறிய அலுப்பு, அப்படித்தான் இருக்கும், குறிப்பில் கடைசி வரியைப் படியுங்கள் என்றேன். சிரித்தார்.

டீ போடலாம் என்று நேற்றைய பையைத் திறந்தேன். பாத்திரம் இருந்தது. ரப்பர் பேண்ட் இல்லை. பிளாஸ்டிக் பை இல்லை.

அதை எடுக்கவில்லை. இன்னும் உணரியின் மேல் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: மூச்சுக்காற்று சேரச் சேர உணரி விசிறியை வேகப்படுத்தும். ஆளில்லா வீடு என்று நினைத்தால் விசிறியை ஏறக்குறைய நிறுத்திவிடும். பைக்குள் இருப்பது ஆளில்லாத வீட்டுக் காற்று. பைக்கு வெளியே பதினான்கு பேர்.

பதிவு 6
நாள் 403, 16:45.

அழைத்தேன். "அந்த உணரிய ஒரு தடவை பாத்துருங்களேன்."

"நேத்து நானே பாத்துக் கையெழுத்துப் போட்டது. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காவ, என் வேலையில நொட்டை சொல்லாத தாயி."

பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். தனியாகப் பேச வேண்டும் என்றேன்.

"தனி லைன் நாளைக்குத்தான் மாட்டணும். அப்படி என்ன ரகசியம்? சும்மா சொல்லு."

ஒரே வாக்கியம். நேற்று நான் பால் காய்ச்சினேன், உணரி மேல் பை இருக்கிறது, எடுங்கள். அதைச் சொன்னால் வெள்ளத்தாயும் கேட்பாள். நேற்று சிரித்தவர்கள் இன்றும் சிரிப்பார்கள், என்னைப் பார்த்து.

"ஒண்ணுமில்ல. தூங்குங்க" என்றேன்.

தூங்குங்க என்றேன். என் வாயால்.

பதிவு 7
நாள் 403, 17:35.

வெள்ளத்தாய். நாக்கு குழறுகிறது.

"அக்கா... எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவை வாந்தி. எனக்கும் கண்ணு சொருகுது. பால் காய்ச்சாம வந்தது தப்போன்னு... கோவிச்சுக்காதீங்கக்கா."

பொத்தானை அழுத்தினேன். சொல்லத்தான் அழுத்தினேன். வாயிலிருந்து வந்தது: "தண்ணி நெறைய குடிங்க."

சீச்சீ.

உடை மாட்டிக்கொள்கிறேன். நடந்து போகிறேன். மூன்று மணி நேரம் ஆகும். சொல்லிவிட்டே நடக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அங்கே போனால் நானே எடுத்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று உள்ளே ஒருத்தி பதில் சொன்னாள். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டேன்.

பதிவு 8
நாள் 403, 19:25. வழியில். குரல் பதிவு.

நாலு தடவை அழைத்துவிட்டேன். பதில் இல்லை. மைக் திறந்தே கிடக்கிறது. இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம். யாருடையது என்று தெரியவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். முழுதாக, ஒன்றுவிடாமல், இரண்டு முறை. கேட்க யாரும் விழித்திருக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

ஓட முடியவில்லை. புழுதி. கால் வழுக்குகிறது. ஓடும்போது என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் எழுவதற்கு முன் பையை ஒளித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினான்கு பேர் அங்கே கிடக்கிறார்கள், நான் பையை ஒளிக்க இடம் பார்க்கிறேன். த்தூ.

பதிவு 9
நாள் 403, 21:40. புது வளாகம்.

கதவைத் திறந்தேன். விளக்குகள் எல்லாம் எரிந்தன. பெட்டிகளுக்கு நடுவில், பாயில், சுவரில் சாய்ந்தபடி, எல்லாரும் தூக்கத்தில்.

அவர் பாயில் இல்லை. எங்கள் வாசலில், ஸ்டூல் கவிழ்ந்து கிடக்க, கையில் ஸ்க்ரூடிரைவரோடு கிடந்தார். ஜாலியில் நான்கு திருகாணிகள். இரண்டைக் கழற்றியிருந்தார்.

நான் சொன்னதற்காகப் பார்க்கப் போயிருக்கிறார். என்னிடம் வீறாப்பாகப் பேசிவிட்டு, எல்லாரும் படுத்த பிறகு, பெண்டாட்டி சொல்லில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போயிருக்கிறார்.

அவரைத் தாண்டி ஸ்டூலை நிமிர்த்தி ஏறி, மிச்ச இரண்டையும் கழற்றிப் பையை எடுத்தேன். விசிறிகள் அலறின. பதின்மூன்று பேர் ஒவ்வொருவராகக் கண் விழித்தார்கள். அந்தக் காற்றில் ஏறி மல்லுக்கட்டிய அவர் விழிக்கவில்லை. நெஞ்சை அழுத்தினேன். வாயில் ஊதினேன். வெகுநேரம் ஊதினேன்.

பை என் உடையின் பாக்கெட்டில் இருக்கிறது. எப்போது உள்ளே வைத்தேன் என்று நினைவில்லை. அவரைத் தொடுவதற்கு முன்பாகத்தான் இருக்க வேண்டும்.

பதிவு 10
நாள் 404, 12:05.

உணரியின் அளவுகளைப் பார்த்துவிட்டுப் பூமியிலிருந்து அனுப்பிய செய்தி, அப்படியே:

"தங்கள் கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். உணரிச் சோதனையில் கொம்பையா காட்டிய கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் எனக் கருதுகிறோம். தனியாக நடந்து சென்று பதின்மூன்று உயிர்களைக் காத்த தங்கள் துணிவை வணங்குகிறோம். காரணத்தை உறுதிசெய்க: ஆம் அல்லது இல்லை."

அவர் இருபது வருடங்களாக ஒரு திருகாணியைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

'ஆம்' என்று அனுப்பினேன்.

பதிவு 11
நாள் 404, 12:50.

'இல்லை' என்று திருத்தி அனுப்பலாம். பொத்தான் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். விரல் போகவில்லை. இதைப் படிப்பவரே, அவர் சோதித்தது சரி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நீங்களாவது சொல்லிவிடுங்கள், என்னால்

கதவு ஒலிபெருக்கியில் வெள்ளத்தாய். "அக்கா, கதவத் தெறங்க. நேத்துலருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல நீங்க. அண்ணன் ஒரு நிமிசம் அசந்துட்டாவ, பாவம். அதுக்கு நீங்க என்ன செய்வீக? நீங்க இல்லன்னா நாங்க யாருமே இல்லக்கா."

திறக்கப் போகிறேன். திறந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவேன். சத்தியம்.

13:20.

திறந்தேன். ரசம் சாதம் கொண்டுவந்திருந்தாள். என் தலையைத் தடவினாள். உருண்டை பிடித்து வாயருகே நீட்டினாள்.

வாயைத் திறந்தேன்.

ஊட்டிவிட்டாள். சாப்பிட்டேன். இன்னொரு வாயும் வாங்கிக்கொண்டேன்.