துவக்கும் உறைந்த தேங்காயெண்ணெயும்

பெயர் சொல்லாமல் "இஞ்சாருங்கோ" என்றே என்றும் நான் அழைத்த என் அன்புத் துணைவருக்கு,

இங்கே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் நம்மவர்களிடையே என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. வெள்ளைக்காரரின் துவக்கை நான் பழுதாக்கிவிட்டேனாம். அது பொய். ஒரு நாள் வெடிக்காமல் செய்தேன், அது உண்மை. இரண்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இக்கடிதத்தை நம்மவர்களின் கையெழுத்துச் சஞ்சிகைக்குக் கொடுக்கிறேன்.

நானும் மகள் ஜெசிந்தாவும் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஹைன்ரிக். எழுபது வயது, நான் உங்களை இழந்ததுபோல மனைவியை இழந்தவர். அவரிடம் பாட்டனாரின் துவக்கு ஒன்று இருக்கிறது. மன்னாரில் பன்றி விரட்ட நீங்கள் வைத்திருந்த இடியனைப் போல, வாய்ப்பக்கமாக வெடிமருந்து போட்டு இடிப்பது. ஆனால் குழலுக்குள் சுழல் வரி வெட்டியது. ஒற்றை ஈயக்குண்டு போடுவது. "குழல் முடிந்தது, சுவரில் மாட்டு" என்று அவருடைய துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தார் சொல்லிவிட்டார்களாம். மனிதர் அதை மடியில் வைத்தபடி குசினியில் இருந்தார். கூழ்முட்டை நாற்றம் எனக்கு வாசலிலேயே அடித்தது. கழுவாத மருந்துக்கரி! அதன்மேல் எண்ணெயைப் பூசிப் பூசி வைத்திருக்கிறார்.

"பிள்ளை, கொதிதண்ணி வேணுமெண்டு சொல்லு."

ஜெசிந்தா ஜெர்மனில் சொன்னாள். அவர் துவக்கை அணைத்துக்கொண்டார்.

"இரும்புக்குத் தண்ணியோ, உங்களுக்கு விசரோ எண்டு கேக்கிறார் அம்மா."

"கொதிதண்ணியெண்டால் இரும்பு தானாக் காயும். விசர் ஆருக்கெண்டு பிறகு பாப்பம் எண்டு சொல்லு."

"அதை நான் சொல்லமாட்டன்."

ஒருவழியாக அவர் துவக்கைத் தந்தார். குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தை வாளிக்குள் வைத்து, சீலைத்துண்டு சுற்றிய கம்பியால் சவர்க்காரத் தண்ணீரை இழுத்து இழுத்து விட்டேன். மைபோல வந்தது. வெள்ளைச் சீலை வெள்ளையாகவே திரும்பும்வரை விடவில்லை. கன்னியர் மடத்தில் பூசைப் பாத்திரம் துலக்கப் பழகிய கை அல்லவா? குண்டைச் சுற்றும் சீலையையும் நானே வெட்டி, தேன்மெழுகும் துருக்கிக் கடை ஆட்டுக்கொழுப்பும் உருக்கித் தோய்த்தேன். தோற்பை ஒன்றும் தைத்தேன். குண்டு ஓர் அறையில், மருந்தைப் பற்றவைக்கும் கேப் இன்னோர் அறையில்.

முடிவில், துருப்பிடிக்காமலிருக்க, நம் வழக்கப்படி தேங்காயெண்ணெய் பூசினேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

நவம்பர் குளிரில், வேட்டைக்காரரின் பாதுகாவலரான புனித ஹூபேர்ட்டுஸ் திருநாளன்று, கழகத்தார் எல்லோரும் பார்த்திருக்க அவர் விசையை இழுத்தார். கேப் மட்டும் "டிக்" என்றது. யாரோ சிரித்தார்கள்.

"அசையாமல் பிடிக்கச் சொல்லு! வாய்ப்பக்கம் ஒருதரும் போகக்கூடாது!" என்று கத்தினேன். சிரிப்பு நின்றது.

பொறுத்திருந்து பார்த்தோம். கேப் பொருத்தும் சின்னத் துளைக்குள் எண்ணெய் மெழுகுதிரி போல வெள்ளையாக உறைந்திருந்தது. மன்னார் வெயிலில் தேங்காயெண்ணெய் உறைந்து நாம் எங்கே கண்டோம்?

"பிழை என்ரை எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

"இப்பவே அம்மா?"

"இப்பவேதான்."

தையலூசியால் துளையைக் குத்திச் சுத்தமாக்கினேன். புதுக் கேப் வைத்து அவர் மறுபடி விசையை இழுத்தார். வெடித்தது. குண்டு இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள் போய் நின்றது. குழல் முடிந்தது என்று சொன்னவர் என் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார்.

இப்போது கழகத்தின் ஆறு துவக்குகள் என் கைக்கு வருகின்றன. அது மட்டுமல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வெடி நான்தான் வைக்கவேண்டும் என்று ஹைன்ரிக் பிடிவாதமாய் நிற்கிறார். முப்பத்தொரு வருடம் "நீ துடை, நான் சுடுறன்" என்றீர்களே. ஒரு தடவையாவது என் கையில் தந்திருக்கலாமே?

"இந்த வயசிலயோ? சனம் என்ன சொல்லும்?" என்கிறாள் ஜெசிந்தா.

"சனம் ஏற்கெனவே சொல்லிப்போட்டுது."

சுட்ட துவக்கை அன்றைக்கே கழுவி உலர்த்தாமல் படுக்கப் போகமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நான் சுடுவதில் உங்களுக்கு ஆட்சேபனை இருந்தால், சனிக்கிழமைக்கு முன் தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும். பதில் வராவிட்டால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
திரேசம்மா