ஸ்டீராய்டு வேண்டாம் என்றேன்

மார்ச் 4
அக்காவுக்கு இன்று மூன்றாவது ஊசி. கீமோ இல்லை, உடம்பின் எதிர்ப்பு அணுக்களை அவிழ்த்து நுரையீரல் கட்டியின் மேல் ஏவிவிடும் புது மருந்து. எங்கள் ஆய்வகமும் சேர்ந்து நடத்தும் சோதனை. எலிகளுக்கு இதைப் போடுவது என் வேலை.
"என்னடி எலிக்காரி, உன் எலியெல்லாம் பொழைச்சுதா?"
"பாதி."
"நான் எந்தப் பாதி?" சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 19
வறட்டு இருமல். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.
"டாக்டர்கிட்ட சொன்னா ஸ்டீராய்டு குடுப்பாங்களாமே. குடுத்தா என்னாகும்?"
கண்ணாடித் தட்டில் தினமும் பார்ப்பதைச் சொன்னேன்: ஸ்டீராய்டு ஒரு சொட்டு விட்டால் எதிர்ப்பு அணுக்கள் சுருண்டு படுத்துவிடும்.
"அப்ப இவ்ளோ நாள் பட்டதெல்லாம் வீணா?"
"கொஞ்ச நாள் பொறுத்துப் பாருக்கா."

மார்ச் 25
நான்காவது ஊசி. "இருமல், மூச்சுத் திணறல் இருக்கா?" — நர்ஸ் படிவத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். "இல்ல சிஸ்டர்."
இரண்டு நிமிடத்தில் பதினெட்டுக் கேள்வி. வாசல்வரை வரிசை. நோயாளியின் முகத்தைப் பார்க்க அங்கே யாருக்கு நேரம்? எனக்கு இருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 1
ஐ.சி.யூ. அவிழ்த்துவிட்ட அணுக்கள் நல்ல நுரையீரலையும் தாக்கிவிட்டன. "பத்து நாள் முன்னாடி சொல்லியிருந்தா மாத்திரையிலயே அடங்கியிருக்கும். ஏன் சொல்லல?" டாக்டர் கேட்டது அக்கா வீட்டுக்காரரை, மாமாவை. மனைவியைத் தவிர ஒன்றும் தெரியாத மனுஷன், தலையைக் குனிந்துகொண்டார். நான் பின்னால் நின்றேன். தட்டில் நுரையீரல் கிடையாது — அது எனக்கு ஏன் உறைக்கல?

ஏப்ரல் 5
அக்கா போய்விட்டாள்.

ஏப்ரல் 23
ஆய்வகக் கூட்டம். திரையில் முப்பத்தொன்றாம் எண்ணுக்குப் பச்சைக் கோடு. கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டதாம். அக்காதான் முப்பத்தொன்று.
"அவங்க இப்ப எப்படி இருக்காங்க?" யாரோ கேட்டார்கள்.
"இறந்துட்டாங்க. அது பக்கவிளைவு, வேற ஸ்லைடு" என்றார் இயக்குநர். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். த்தூ.

ஏப்ரல் 24
மாமாவிடம் சொல்லிவிட்டேன். அக்கா மகள் பாப்பாவின் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.
"தெரியும்மா. ஐ.சி.யூ. போறப்பவே சொல்லிட்டா. 'எலிக்காரி சொல்லித்தான் மறைச்சேன், அவகிட்ட கேட்டுடாதீங்க, தாங்க மாட்டா'ன்னா."
சட்டையைத் திருப்பிப் போட்டார்.
"மூணு வாரமா கேக்காம இருக்கேன்."