சுண்ணாம்பு சுட்டது என்று சொன்னேன்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
நவம்பர் 9

என் செல்லம் கஜேந்தினிக்கு அம்மம்மா எழுதுவது. குளிரும் முழங்கால் வலியும் தவிர இங்கே குறையில்லை. நீயும் உன் மகள் ஆரபிக் குஞ்சும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

முதலில் நல்ல செய்திகள். உன் தம்பி அனுஷன் ஸ்ட்ரோம்மனில் சொந்த வீடு வாங்கிவிட்டான், இருபத்தெட்டு வயதில். வேலையிடத்தில் பதினான்கு பேருக்கு அவன்தான் பொறுப்பு, அதில் பன்னிரண்டு பேர் வெள்ளைக்காரர். சித்தியின் மூத்தவள் சாருகா மருத்துவம் நாலாம் வருடம். சின்னவள் தக்ஷாயினிக்கு வயலின் போட்டியில் முதல் பரிசு. நீ ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி இஞ்சினியர். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுடைய பேரப்பிள்ளைகளைப் பாருங்கோ என்று கோயிலில் எல்லாருக்கும் சொல்லுவேன். இதுகள் எல்லாத்தையும் குளிக்கவார்த்து, மூக்கு நிமிர்த்தி எடுத்த கை இது என்றும் சொல்லுவேன். அந்தப் பெருமையில் நான் செய்ததை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இதை வாயால் சொல்ல எனக்கு வராது.

பிள்ளைப்பேற்றுக்கு நீ இங்கே வந்திருந்தாயே, ஆரபியின் பன்னிரண்டாம் நாள். நான் வேட்டித் துணியும் இளஞ்சுடுதண்ணீரும் எடுத்து வைத்துவிட்டு வந்தேன். நீ என் வாயைப் பார்த்துவிட்டு, என்னணை அம்மம்மா உது சொண்டிலை, கொப்புளமே என்று கேட்டாய். வாயில் கொப்புளம் உள்ளவர்கள் பச்சைக் குழந்தைக்குக் கிட்டப் போகக் கூடாதென்று தாதி சொன்னவ என்றும் சொன்னாய். நான், இல்லையடி, வெத்திலைக்குச் சுண்ணாம்பு கூடிச் சுட்டுப்போட்டுது என்றேன்.

அது பொய். கொப்புளம்தான். இளம் வயதிலிருந்தே வருடத்துக்கு இரண்டு தரம் அதே இடத்தில் வந்து காய்ந்து போகும். அதைச் சொன்னால் நீ குழந்தையைத் தரமாட்டாய், உன் மாமியார் புஷ்பமலர் வந்து குளிக்கவார்ப்பா என்று நினைத்தேன். என் பேத்தியின் பிள்ளையை இன்னொருத்தி முதலில் வார்ப்பதா என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

வார்த்து முடித்து, காலில் கிடத்தி, எப்போதும் செய்வதுபோல் அந்தச் சின்ன மூக்கில் வாய் வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினேன். காதுக்குள் ஊதினேன். கண்ணிரண்டிலும் வாய் வைத்துக் கொஞ்சினேன். நீ கட்டிலில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாய்.

ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை. பிறகு வலிப்பு. ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்ணீர் எடுத்துப் பார்த்து, ஹெர்பெஸ் கிருமி மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். மூன்று கிழமை அந்தச் சின்னக் கையில் ஊசி. டாக்டர் உங்களிடம், குழந்தையைத் தொட்டவர்களில் ஆருக்காவது வாயில் கொப்புளம் இருந்ததா என்று கேட்டார். நீ நடைபாதைக்கு ஓடி வந்து என்னைக் கேட்டாய். நான் இரண்டாம் முறையும் சுண்ணாம்பு என்றேன். அந்த நேரம் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அரைவாசி தெரியும். மிச்சத்தை நினைக்கப் பயந்துபோனேன்.

நான் இல்லையென்றதால் உன் பக்கம் ஒரு வழிதான் மிஞ்சியது, தாயிடமிருந்து பிரசவத்தில் வந்தது என்று. புஷ்பமலர் போனில் தேடிப் பார்த்துவிட்டு, உது படுக்கையாலை வாற வருத்தமாமே, என்ரை மகனுக்கு இல்லை, அப்ப ஆரிட்டை இருந்து என்று எல்லார் முன்னாலும் கேட்டா. உன் மனுசன் கிருஷிகன் நீ படிக்கிற காலத்துக் கூட்டாளிப் பொடியனின் பெயரைச் சொல்லிக் கேட்டான். நீ சத்தியம் பண்ணிப் பண்ணிக் களைத்தாய். நானும்தான் குசினிக்குள் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லு பிள்ளை, அம்மம்மா ஆருக்கும் சொல்லமாட்டன் என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இப்போதும் குசினிக்குள் நிற்கிறது. நான் அங்கே போவதைக் குறைத்துவிட்டேன்.

போன மாதம் திரும்பவும் கொப்புளம் வந்தது. சாருகா வந்திருந்தாள். அவளிடம் மெல்ல, உந்த வருத்தம் படுக்கையாலை மட்டுமோ வாறது என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, இல்லையணை, இந்த ஊரிலை முக்கால்வாசிப் பேரிட்டை இருக்கு, தொத்த ஒரு கொஞ்சலே காணும், பெரியாக்களுக்கு ஒண்டும் செய்யாது, பச்சைக் குழந்தைக்குத்தான் எமன் என்றாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவளே ட்வெய்ட்டாவில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கொப்புளத்தைத் துடைத்தெடுத்துச் சோதித்தார்கள். ஆரபிக்கு வந்த அதே வகை. நான் செய்ததை எல்லாம் சாருகா நொர்வேஜிய மொழியில் சொல்ல, டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது, ஆனால் இதற்குமேல் காரணம் தேடத் தேவையில்லை என்றார். வருத்தம் இருப்பது குற்றமில்லை என்றும் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. என் குற்றம் வருத்தம் இல்லையே.

அந்தச் சோதனைத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கிருஷிகனிடம் கொடு. ஆறு மாதமாக வேறு வீட்டில் இருக்கிறான் என்று உன் அம்மா தங்கேஸ்வரி சொன்னாள். அவனுக்கும் புஷ்பமலருக்கும் வேறு கடிதம் எழுதி, அதே தாளின் பிரதியோடு இன்றே போடுகிறேன். கோயிலில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். பெருமை பேசிய அதே வாய்தானே.

உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அடுப்பை நிற்பாட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இன்று தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

ஆரபியின் இடது கை விரல் இன்னும் விரியவில்லை, அந்தப் பக்கம் கூப்பிட்டால் திரும்புகிறாளில்லை என்றும் அம்மா சொன்னாள். எட்டு மாதம். உன் தம்பி அனுஷன் எட்டு மாதத்தில் என் சங்கிலியைப் பிடித்து அறுத்தவன்.

என்னை மன்னி என்று எழுதி வெட்டிவிட்டேன். நீ மன்னித்தால் எனக்கு நல்லது. உனக்கு என்ன நல்லது? உன்மேல் ஒரு மறுவும் இல்லை, பிள்ளை. அது எல்லாருக்கும் தெரிந்தால் போதும். கந்தசாமியார் உங்கள் மூன்று பேரையும் ஒரு கூரைக்குக் கீழே, ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

அவளைத் தூக்கித் தா என்று இனி ஒருநாளும் கேட்கமாட்டேன். கிட்டவும் வரமாட்டேன். உன் அம்மாவின் போனில் இருப்பதெல்லாம் பிறந்த கிழமை எடுத்த படங்கள். முடிந்தால் ஒரு புதுப் படம் தபாலில் போடு. அந்தக் கையை மறைக்காமல் எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
அம்மம்மா