சுறாவோடு வந்த மீன்

அன்புள்ள ஃப்ளோரா,

தூத்துக்குடியில் மழை உண்டா? உன் முழங்கால் வலி தணிந்ததா? நம் வீட்டில் உட்கார்ந்து தின்னும் உன் தம்பி ஆண்ட்ரூவை வெளியே அனுப்பச் சொல்லியிருந்தேனே, அனுப்பிவிட்டாயா?

நேற்று எண்ணூர்க் கரையில், சிக்கிய பெரிய சுறாவை, பிடிக்கத் தடை என்பதால், மீனவர்கள் வலையை அறுத்து விடுவித்தார்கள். அதன் வயிற்றில் ஒட்டியிருந்த மீனை மட்டும் ஒருவர் பிய்த்து மணலில் எறிந்தார். "ரத்தத்த உறிஞ்சிகினு கீது சார், சனியன்!"

விலங்கியல் படித்தவனாயிற்றே, கத்திவிட்டேன். "ஒண்ணையும் உறிஞ்சாதுய்யா! சுறா சிந்துறதத் தின்னுட்டுக் கூடவே போகும். சுறாவுக்கு என்ன நஷ்டம்?"

"அப்போ நீயே இட்டுனு போ, மாமு!"

தூக்கினேன். உச்சந்தலையில் இருக்கும் ஒட்டும் தட்டால் என் உள்ளங்கையைப் பற்றிக்கொண்டது. ஃப்ளோரா, இங்கே வந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. கையைத் தண்ணீருக்குள் வைத்தும் விட மனமில்லை அதற்கு.

என் அம்மாவின் அடக்கத்துக்கு ஆண்ட்ரூ வராததை நான் மன்னிக்கவில்லை. இருந்தாலும் அவன் அங்கேயே இருக்கட்டும். இங்கே கட்டிக்கொள்ள என் பழைய சாரம் இரண்டும் ஊறுகாயும் வேண்டும். தபாலில் வேண்டாம், அவனிடமே கொடுத்தனுப்பு.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

இக்னேஷியஸ்