படகில் மட்டும் ஏறாதீர்கள்

மார்ச் 2, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் பள்ளிக்கூட முகவரிக்கு வந்து சேர்ந்தது. "உனக்கு யாருடி லெட்டர் போடறது?" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். ஏதோ புளுகி உட்கார்ந்தேன். இப்போது அப்பா தூங்குகிறார். சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குறட்டை நின்றால் என் பேனாவும் நின்றுவிடுகிறது.

உங்கள் கப்பல் பன்னிரண்டாம் தேதி ஒரு நாள் இங்கே நிற்கும், தனியாகச் சுற்றப் போகிறேன், எங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். காலையில் மீன் ஏலக் கூடத்துக்குப் போங்கள். அங்கே போடும் சத்தத்தைக் கேட்டால் அடிதடி என்று நினைப்பீர்கள், பயப்பட வேண்டாம். பிறகு மணிக்கூண்டு. மத்தியானம் கம்பி வடம் இழுத்துப்போகும் இழுவை ரயிலில் குன்றுக்கு ஏறினால் துறைமுகம் முழுவதும் தெரியும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள பஸ் ஸ்டாப்பில் உட்காருங்கள். நான் ஓடி வருவேன்.

துறைமுகப் படகில் மட்டும் ஏறாதீர்கள். அப்பாவுக்கு அதில்தான் வேலை. ஏறுகிறவர்களுக்குக் கைகொடுத்து உள்ளே விடுவது அவர்தான். அலையில் படகு ஆடும்போது யார் காலாவது இடுக்கில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கால்களை மட்டும் பார்ப்பார். எங்கள் தலைமையாசிரியையே ஒரு தடவை ஏறி இறங்கிப் போனார், அப்பாவுக்குத் தெரியாது. இருந்தாலும் வேண்டாம்.

அம்மா இறந்ததும் என்னை உங்களோடு அழைத்துப்போகக் கேட்டீர்களாம். அதனால்தான் அப்பா உங்களோடு பேசுவதில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எனக்கு உங்களைப் பார்க்க ஆசை. ஆனால் மறுபடி கேட்டுவிடாதீர்கள் அத்தை. நான் உங்களுக்கு எழுதுவது தெரிந்தால் அப்பா என்னோடும் பேச்சை நிறுத்திவிடுவார். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்,
குட்டி

•

மார்ச் 12, கப்பலில்

என் தங்கக் குட்டிக்கு,

பஸ் ஸ்டாப்பில் என்னைத் தேடித் தேடி அழுதிருப்பாய். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

நீ சொன்னபடியே காலையில் ஏலக் கூடத்துக்குப் போனேன். ஒருவர் என் தோளைத் தள்ளி, "வாங்கறதா இருந்தா நில்லும்மா, இல்லாட்டி நகரு" என்றார். நகர்ந்தேன். மணிக்கூண்டின் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். குன்றுக்கு ஏறியபோது உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் நீ சொன்னது சரி, எல்லாம் தெரிந்தது. கப்பல்கள், கிரேன்கள், நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்த ஒரு சின்னப் படகு. அதைப் பார்த்த பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை. முகத்தைப் பார்க்க மாட்டார் என்று நீதானே எழுதியிருந்தாய்! ஒரே ஒரு தடவை கையைப் பிடித்துவிட்டு வந்துவிடலாம் என்று இறங்கி ஓடினேன்.

உன் அப்பா கைகொடுத்தார். நான் ஏறினேன். நிமிராமலே, "இந்த வயசுலயும் ரெண்டு காலையும் சேத்து வெச்சுக் குதிக்கணுமா?" என்றார்.

பலகையில் நடக்காமல் குதிப்பது சின்ன வயதிலிருந்து என் கோளாறு. அது எனக்கே மறந்துபோயிருந்தது.

"புள்ளையைக் கேக்க வந்தியா?"

"இல்லண்ணா. ஊரைப் பாக்க வந்தேன்."

"படகுக்குள்ள என்ன ஊரு இருக்கு?"

அக்கரையில் நான் இறங்கவில்லை. அவரும் இறங்கச் சொல்லவில்லை. நடுத்தண்ணீரில் இருக்கும்போதுதான் அவருக்குப் பேச நேரம். கரை வந்தால் கைகொடுக்கப் போய்விடுவார். அதனால் திரும்பத் திரும்பப் போய்வந்தேன், போக ஒரு பேச்சு, வர ஒரு பேச்சு. உன் பேச்சை எடுத்தது அவர்தான். "கணக்குல புலி" என்றார். "தலை பின்ன நானே கத்துக்கிட்டேன், உன்னைவிட நல்லா பின்னுவேன்" என்றார். "அதுக்கென்ன, நான் எப்பவும் கோணலாத்தானே பின்னுவேன்" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

நாலு மணி ஆனது தெரிந்தது, குட்டி. எழுந்தால் அந்தப் பேச்சு அறுந்துவிடும் என்று உட்கார்ந்துவிட்டேன். கப்பல் சங்கு ஊதியதும் ஓட வேண்டியதாயிற்று. ஏப்ரல் இரண்டாம் தேதி திரும்பும் வழியில் மறுபடி அங்கே நிற்போம் என்பதைச் சொல்லக்கூட நேரமில்லை. எங்கெங்கே சுற்றினேன் என்று மட்டும் அவரிடம் சொன்னேன், உன் கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த துறைமுகத்தின் முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

முத்தங்களுடன்,
அத்தை

•

மார்ச் 19, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

அன்று அழுதேன். இருட்டும்வரை அங்கேயே நின்றேன். இப்போது கோபமில்லை. கொஞ்சம்தான்.

அப்பா ஒரு வாரமாக ஒன்றும் சொல்லவில்லை. இன்று சாப்பிடும்போது, "உங்க அத்தை வந்திருந்தா" என்றார்.

"எந்த அத்தை?" என்றேன்.

"உனக்கு எத்தனை அத்தை இருக்காங்க? ஊரைச் சுத்திப் பாக்க வந்தாளாம். யாரோ கூறுகெட்டவங்க வழி சொல்லி அனுப்பியிருக்காங்க. உச்சி வெயில்ல யாராவது குன்றுக்கு ஏறச் சொல்லுவாங்களா?"

"அப்பத்தாம்ப்பா கூட்டம் இருக்காது" என்று சொல்லிவிட்டேன்.

வழி சொன்னது நான்தான் என்று காட்டிக்கொடுத்துவிட்டது சொன்ன பிறகுதான் புரிந்தது. அப்பா மீதிச் சோற்றை வழித்துச் சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், என் தட்டையும் எடுத்துக் கழுவினார். தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவுதான், என்னோடும் நிறுத்திவிட்டார் என்று நினைத்து அழ ஆரம்பித்தேன்.

முதுகைக் காட்டிக்கொண்டே, "கப்பல் திரும்பி எப்ப வருது?" என்று கேட்டார்.

"ஏப்ரல் ரெண்டு."

"அன்னைக்கு நான் லீவு போட்டுடறேன். நீயும் டீச்சர்கிட்ட சொல்லிடு. குன்றுக்குச் சாயங்காலமாப் போகணும், விளக்கெல்லாம் போட்டப்புறம். அவளுக்கு எழுது."

எழுதிவிட்டேன் அத்தை. தூக்கம் வருகிறது.

உங்கள்,
குட்டி